அன்பாகச் சொன்னால் மட்டும் மாறிவிடுவோமா என்று கேட்ட வாசகருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன்னால் உங்கள் வாசகர் கடிதங்களில் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் எழுதியிருந்தார். பாசஞ்சர் ரயிலில் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்த ஒருவர், கையில் ஒரு கைப்பிரதியைத் திணித்து, நீங்கள் கும்பிடுவது வெறும் கல் என்று ஆரம்பித்தாராம். இவர் பதில் பேசாமல் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாராம். அதோடு முடித்திருந்தால் நானும் வருத்தப்பட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்திருப்பேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கடுமையாகச் சொன்னால் எங்களுக்குக் கோபம் வருகிறது, சரி, அன்பாகச் சொன்னால் மட்டும் நாங்கள் மாறிவிடப் போகிறோமா, அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று. அந்தக் கேள்வி இரண்டு வாரமாக என்னை விடவில்லை. அதற்குப் பதில் எழுதத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், அவரிடம் நான் கேட்கும் மன்னிப்பை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஐயா, அந்த ரயிலில் நடந்ததற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான் தஞ்சாவூர். எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாக லுத்தரன் சபை. 33 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களிடம் அப்படிப் பேசியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு காலத்தில் நானும் அவர் மாதிரியே பேசியிருக்கிறேன்.

எனக்கு அப்போது 19 வயது. எங்கள் வாலிபர் கூட்டத்தோடு பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி கொடுக்கப் போயிருந்தேன். நெற்றி நிறைய திருநீறு பூசிய ஒரு பெரியவர், பெரிய கோயிலுக்குப் போய்விட்டு வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார். அவரிடம் போய் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அதில் அவருடைய சாமியைப் பற்றியும் இரண்டு வார்த்தை இருந்தது. அவர் கடைசிவரை கேட்டார். அப்புறம், "பாப்பா, உன் சாமி நல்லவர்னு சொல்லு, நாள் பூரா உக்காந்து கேக்குறேன். என் சாமியைத் திட்டுறதுக்கு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கைப்பிரதியைக் கிழிக்காமல் கசக்காமல் இரண்டாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, இன்றைக்கு எதிர்ப்பைச் சந்தித்தோம் என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அது எதிர்ப்பே இல்லை. அந்தப் பெரியவர் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். அது எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் ஆனது.

காந்தியும் தன் சுயசரிதையில் இதைப் போல ஒன்றை எழுதியிருக்கிறார். ராஜ்கோட்டில் அவர் படித்த ஹைஸ்கூல் பக்கத்துத் தெருமுனையில் மிஷனரிகள் நின்றுகொண்டு இந்துக்களையும் அவர்கள் தெய்வங்களையும் திட்டிப் பேசுவார்களாம். ஒரே ஒரு முறை நின்று கேட்டாராம், அதற்குமேல் தாங்கவில்லை. அதே காந்தி லண்டனில் ஒரு சைவ விடுதியில் பழக்கமான ஒரு நல்ல கிறிஸ்தவர் படித்துப் பாருங்கள் என்று சொன்னதால் பைபிளைப் படிக்க ஆரம்பித்தார், மலைப்பிரசங்கம் நேராக நெஞ்சுக்குள் போயிற்று என்கிறார். பிறகு தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவில் கோட்ஸ் என்ற கிறிஸ்தவ நண்பர். காந்தியிடம் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் காந்தியின் கழுத்தில் கிடந்த துளசி மாலையைப் பார்த்து, இந்த மூடநம்பிக்கை உங்களுக்கு வேண்டாம், கொடுங்கள் அறுத்துவிடுகிறேன் என்றார். அம்மா போட்டுவிட்டது, அறுக்க விடமாட்டேன் என்று காந்தி சொல்லிவிட்டார். நட்பு போய்விடவில்லை, அவர் கொடுத்த புத்தகங்களையெல்லாம் காந்தி தொடர்ந்து படித்தார். காந்தி கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனாலும் மலைப்பிரசங்கத்தைக் கடைசிவரை விடவில்லை. கோட்ஸ் தோற்றுப்போனார் என்று யாராவது சொல்ல முடியுமா?

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வார்டில் நான் பிரசங்கம் பண்ணியதில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் பண்ணக்கூடாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், படுக்கையில் கிடக்கிறவர் எழுந்து போக முடியாது. மயிலாடுதுறை அன்பருக்குப் பெட்டி மாறி உட்கார முடிந்தது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிற மனிதர் எங்கே போவார்? அடுத்த ஊசி போடப்போவது நான், அந்த என்னிடம் அவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவர் சொல்லும் சரிக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

ஆனால் நம் ஊரில் சொல்லாமலே தெரிந்துவிடும். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தாலே போதும். ராத்திரி டியூட்டியில் பன்னிரண்டு மணிக்குமேல் வார்டு அடங்கியபிறகு அவர்களாகவே ஆரம்பிப்பார்கள். "சிஸ்டர், நீங்க வேதக்காரங்களா?" ஆமாம் என்பேன். அடுத்த வார்த்தை அனேகமாக இதுதான்: "உங்க சாமிகிட்டயும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்க." இதைத்தான் நான் ஆயிரம் தடவைக்கு மேல் கேட்டிருப்பேன். விவாதமும் கிடையாது, எந்தச் சாமி பெரியது என்ற பேச்சும் கிடையாது. எனக்காகக் கேளுங்கள், அவ்வளவுதான். நான் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று அவர் பேரைச் சொல்லி இரண்டு நிமிஷம் ஜெபம் பண்ணுவேன். சிலர் அழுவார்கள், சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். காலையில் டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது வாசலில் இருக்கும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். போகும்போது என்னிடமும் சொல்லிக்கொண்டு போவார்கள்.

தீக்காய வார்டில் ஒரு எட்டு வயசுப் பெண்பிள்ளை இருந்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ் விபத்து. நெஞ்சும் வலது கையும் வெந்திருந்தது. டிரஸ்ஸிங் மாற்றும் நேரத்தில் அவள் போடும் சத்தத்துக்கு எங்களுக்கே கை நடுங்கும். அவள் தலையணையை ஒருநாள் மாற்றினேன். அடியில் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில் திருநீறு ஒரு பொட்டலம், நாகூர் தர்காவிலிருந்து மந்திரித்த ஒரு கயிறு, வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு சின்ன பாட்டில். அவள் அம்மா பதறிப்போய், "தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர்" என்றார். எதற்குத் தப்பாக நினைக்கப்போகிறேன்? மூன்றையும் எடுத்துப் புதுத் தலையணைக்கு அடியில் அதேபோல வைத்தேன். அப்போது அந்த அம்மா, "இதுல உங்க ஜெபத்தையும் வச்சுடுங்க" என்றார்.

எங்கள் சபையில் இதைச் சொன்னபோது ஒரு மூப்பர் கோபப்பட்டார். பத்தோடு பதினொன்றாக ஆண்டவரையும் சேர்த்துக்கொள்வது விசுவாசம் ஆகுமா என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான், நானும் லுத்தரன்தான், எனக்கும் ஆண்டவர் ஒருவரே. ஆனால் நம் மக்கள் ஒரு அன்பை ஏற்றுக்கொள்ளும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணி ரோட்டில் காவி கட்டிக்கொண்டு நடந்து போகிற கூட்டத்தைப் பாருங்கள். அதில் எத்தனையோ பேர் ஊரில் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர்கள். அவர்களை யாரும் கூப்பிட்டு விவாதம் பண்ணி ஜெயிக்கவில்லை. மாதாவிடம் போனால் யாரும் விரட்டமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு வருகிறார்கள்.

வேறொரு விதமான பதிலும் உண்டு. "நல்லா சொல்றீங்கம்மா, கேக்க நல்லாத்தான் இருக்கு, எங்களுக்கு எங்க சாமி போதும்." சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எங்கள் ஆட்கள் பலருக்கு இந்தப் பதிலைக் கேட்டால் முகம் வாடிவிடுகிறது. சபைக் கூட்டங்களில் ஆத்தும ஆதாயம் என்று ஒரு வார்த்தை உண்டு, இந்த வருஷம் எத்தனை பேர் புதிதாகச் சபையில் சேர்ந்தார்கள் என்று கணக்குக் கேட்பார்கள். அந்தக் கணக்கு வந்த நாளிலிருந்துதான் இந்த ரயில் பெட்டிச் சண்டைகளும் வருகின்றன என்று எனக்குத் தோன்றும். எண்ணிக்கை வேண்டுமென்கிறவருக்கு எதிரில் இருக்கும் மனிதரின் முகம் தெரியாது.

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவுக்குள் ஒரு சர்ச் இருக்கிறது. பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே, 1779ல் கட்டியது. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம். படுக்கையில் ஒரு வயசான பாதிரியார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் தலைப்பாகை கட்டிய மன்னர். பாதிரியார் பேர் ஷ்வார்ட்ஸ். ஜெர்மனியிலிருந்து 1750ல் தரங்கம்பாடிக்கு வந்தவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் உழைத்து 1798ல் இங்கேயே இறந்தவர். ஹைதர் அலி ஆங்கிலேயரிடம், உங்கள் மற்ற தூதர்களை நம்பமாட்டேன், அந்தப் பாதிரி வந்தால் பேசுகிறேன் என்று சொன்னது இவரைத்தான். யுத்தத்தில் தஞ்சாவூர் பட்டினி கிடந்தபோது காசு வராது என்று பயந்து குடியானவர்கள் கோட்டைக்கு நெல் அனுப்ப மறுத்தார்கள், இவர் பொறுப்பேற்றுச் சொன்னபிறகுதான் வண்டிமாடுகள் வந்தன. கையைப் பிடித்து நிற்கிற மன்னர் இரண்டாம் சரபோஜி. சிறு வயசில் அவரைச் சித்தப்பா அமர்சிங் அடைத்து வைத்துக் கொடுமைப்படுத்தியபோது, ஆங்கிலேயரிடம் முறையிட்டு மீட்டுச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்தது ஷ்வார்ட்ஸ். தன் விசுவாசத்தை அவர் அந்தப் பிள்ளையிடம் மறைக்கவே இல்லை. கடைசி நோயில் படுத்திருந்தபோதுகூடத் தன் ஆண்டவரைப் பற்றிச் சொன்னார்.

சரபோஜி கிறிஸ்தவர் ஆனாரா? ஆகவில்லை. காசிக்கு யாத்திரை போனார். 1803ல் பெரிய கோயில் சுவரில் தன் வம்ச வரலாற்றைக் கல்வெட்டாக வெட்டிவைத்தவரும் அவர்தான். ஆனால் பாதிரியாரின் அடக்கத்துக்கு வந்து அழுதார். லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியைக் கொண்டு அந்தப் பளிங்கைச் செய்வித்து வரவழைத்தார், கல்லறையில் பொறிக்க இங்கிலீஷில் தானே ஒரு கவிதை எழுதினார், அநாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்று. ஒரு சைவ மன்னர் ஒரு பாதிரியாருக்கு எழுதியது. எத்தனை ஆத்துமா என்று கணக்குக் கேட்கிற எங்கள் மூப்பர்கள் அந்தச் சிற்பத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்காரவேண்டும் என்பது என் ஆசை.

சரி, அன்பாக இருந்தால் எல்லோரும் இப்படி அன்பாகவே பதில் சொல்வார்களா? சொல்லமாட்டார்கள். மூஞ்சிக்கு நேராக உண்மையைச் சொல்வார்கள். அதுவும் நல்லதுதான். தரங்கம்பாடிக்கு 1706ல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஒரு காரியம் செய்தார், எனக்கு மிகவும் பிடித்த காரியம். அவரும் அவரோடு ஊழியம் செய்த க்ரூண்ட்லரும் நம் ஊர் ஆட்களிடம் உங்கள் நம்பிக்கை என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுக் கடிதம் வாங்கினார்கள். 1712 முதல் 1714 வரை வந்தவற்றில் 99 கடிதங்களை ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் மொழிபெயர்த்து அச்சிட்டார்கள். கிறிஸ்தவர்கள் மாட்டுக்கறி தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தபத்தமாக இல்லை, உங்கள் நடத்தையைப் பார்த்தால் உங்கள் வேதத்தில் சேர மனம் வரவில்லை, அவரவர் வழியில் அவரவர் கரையேறலாம் என்றெல்லாம் நம் ஆட்கள் தைரியமாகச் சொல்லியிருந்தார்கள். அதிகாரத்தில் இருக்கும் வெள்ளைக்காரருக்கு முன்னால் இவ்வளவு துணிச்சலாக எப்படிப் பேச முடிந்தது? அவர் கேட்டார், கேட்டதும் மரியாதையாகக் கேட்டார், அதனால் சொன்னார்கள். எங்கள் ஊழியக்காரர்கள் இன்றைக்கு இப்படி ஒரு கேள்வித்தாளைக் கொண்டுபோய்த் தெருவில் கேட்டால் என்ன பதில் வரும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

எனக்கு வந்த ஒரு பதிலைச் சொல்கிறேன். ஒரு நோயாளியின் அப்பா, ஊர்க் கோடியில் இருப்பவர், கூலி வேலை. அவராகத்தான் எங்கள் சபையைப் பற்றி விசாரித்தார். நானும் சந்தோஷமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வேதத்துக்கு வந்தா எங்க சர்டிபிகேட் போயிடும், அது போகட்டும். உங்க கோயில்ல எங்களை எந்த வரிசையில உக்கார வைப்பீங்க? செத்தா எந்தப் பக்கம் பொதைப்பீங்க?" என்றார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. 1950ம் வருஷத்து ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை கிறிஸ்தவர் ஆனவர்களுக்குக் கிடையாது, அது அரசாங்கத்தின் காரியம். ஆனால் வரிசை எங்கள் காரியம். இதே தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் காலத்திலேயே சாதிவாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள், அவர் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. 1833ல் பிஷப் வில்சன் இனி சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது எங்கள் முன்னோர்தான் வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தார்கள், எங்கள் ஞானக் கவி வேதநாயகம் சாஸ்திரியார் உட்பட. இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் இருக்கிறது. வெளியில் இருப்பவரிடம் எவ்வளவு கனிவாகப் பேசினாலும், உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தக் கூலிக்காரர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை.

சந்தேகமும் வரும். "ஒரு ஆளைச் சேர்த்தா உங்களுக்கு எவ்வளவு குடுப்பாங்க சிஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார், கிண்டலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அன்று ராத்திரி வீட்டில் அழுதேன். பிறகு யோசித்தால், அந்தச் சந்தேகத்துக்கு நாங்களே இடம் கொடுத்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. இரண்டு நாள் கழித்து எங்கள் குழு அரிசியும் போர்வையும் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போனது. நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். கடற்கரைக் குப்பம் ஒன்றில் இறக்கி வைத்தோம். எங்களோடு வந்த ஒருவர், முதலில் எல்லோரும் ஜெபம் பண்ணுவோம், அப்புறம் கொடுக்கலாம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால்கூட அப்படித்தான். ஆனால் வரிசையில் முதலில் நின்ற அம்மா, இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "கும்பிட்டாத்தான் குடுப்பீங்களாம்மா? கும்பிடுறேன், குடுங்க." சொல்லிக்கொண்டே கையைக் கூப்பிவிட்டார். அந்தக் கூப்பிய கைகளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் போய் அந்தக் கைகளைப் பிரித்து அதில் அரிசிப் பையை வைத்தேன். ஜெபம் நடக்கவில்லை, நடக்கவிடவில்லை. பசியில் இருப்பவர் கூப்பும் கை பதில் ஆகாது. எங்களில் சிலர் அதைப் போட்டோ எடுத்து, பாருங்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று காட்டியிருப்பார்கள். அந்த ஊர்க்காரர் யாராவது பிறகு எங்களைச் சந்தேகப்பட்டால் அவரை எப்படிக் குறை சொல்வது?

சட்டம் இருக்கிறது, 25வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது, அந்த உரிமைக்குள் இன்னொருவரை மாற்றும் உரிமை அடங்காது என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதெல்லாம் வக்கீல்கள் பேசவேண்டியது. எனக்கு அதைவிட எங்கள் வேதமே போதும். உங்கள் நம்பிக்கையைப் பற்றி விசாரித்துக் கேட்பவருக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்று பேதுரு எழுதுகிறார். கேட்பவருக்கு. கேட்காதவர் கையில் திணிக்கச் சொல்லவில்லை. ஒருவர் விசாரித்துக் கேட்கும் அளவுக்கு நாம் வாழ்ந்திருக்கவேண்டும் என்பதும் அதற்குள்ளே இருக்கிறது.

கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரியும் அவர் மனைவி ஈவ்லினும் 1913ல் போய்க் குடியிருந்தார்கள். நரம்புச் சிலந்தியை எடுத்தார்கள், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். மருந்துக்கு வந்த மலைக்காரர்கள் வேதத்துக்கு வரவில்லை. வருஷக்கணக்கில் ஒருவர்கூட வரவில்லை. அங்கிருந்த பூசாரி அவர்களுக்குப் பெரிய எதிர்ப்பு. பிறகு உலகம் முழுக்கப் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. பூசாரி வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் போகவில்லை, பிராண்ட் கஞ்சியும் மருந்தும் கொண்டு போனார். சாகும்போது அந்தப் பூசாரி தன் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அத்தனை வருஷ எதிர்ப்புக்குப் பிறகு அவர் கொடுத்த பதில் அது. 1929ல் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் ஈவ்லின் அம்மா மலையை விடவில்லை, 1974ல் 95 வயசில் சாகும்வரை மலை மலையாக ஏறிக்கொண்டிருந்தார். இப்போதும் அந்த மலையில் புருஷன் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார்.

மாறினவர் யாருமே இல்லையா என்றால், இருக்கிறார்கள். என்னோடு பிரசவ வார்டில் வேலை பார்த்த ஒரு பெண், ஆறு வருஷம் பழகியபிறகு ஒருநாள் கேட்டாள். "அக்கா, செத்துப் பொறந்த குழந்தையையும் நீங்க வெந்நீர்ல தொடைச்சு, துணி சுத்தி, பேச்சுக் குடுத்துக்கிட்டே அவங்க கையில வைக்கிறீங்க. யாரும் அப்படிப் பண்ணச் சொல்லல. ஏன் பண்றீங்கன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு." அன்றைக்குத்தான் முதல்முதலாக நான் அவளிடம் என் ஆண்டவரைப் பற்றி விவரமாகப் பேசினேன். பிறகு அவளாகவே சபைக்கு வந்தாள், இரண்டு வருஷம் கழித்து ஞானஸ்நானம் எடுத்தாள். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை மறைக்கமாட்டேன். எல்லோருக்கும் இது கிடைக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் அண்ணன் ஏழு வருஷம் அவள் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. தலை தீபாவளிக்குக்கூடச் சீர் வரவில்லை. அந்த வலியும் எனக்குத் தெரியும், அவளோடு சேர்ந்து அழுதிருக்கிறேன். இதெல்லாம் லேசான காரியம் இல்லை.

மயிலாடுதுறை ஐயா, அன்பாகச் சொன்னால் மட்டும் மாறிவிடுவோமா என்று கேட்டீர்கள். பத்து குஷ்டரோகிகளை ஆண்டவர் சொஸ்தமாக்கினார், திரும்பி வந்து காலில் விழுந்தது ஒரே ஒருவர், அதுவும் ஒரு அந்நியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டார், கேட்காமல் இல்லை. ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் கொடுத்த சுகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. நான் 33 வருஷம் அந்த ஒன்பது பேரோடுதான் இருந்தேன். அவர்களுக்குச் செய்ததை வீண் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர்கள் எனக்குக் கொடுத்த மரியாதையும் திட்டும் கேள்வியும் எல்லாமே எனக்குப் பதில்தான்.

போன மாதம் ஒரு குடும்பம் எங்கள் வீட்டைத் தேடி வந்தது. வாசலில் நின்ற பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த அம்மா சொன்னபிறகுதான் தெரிந்தது, தீக்காய வார்டுப் பிள்ளை, இப்போது 27 வயசு. பத்திரிகை கொண்டுவந்திருந்தார்கள், மேலே பிள்ளையார் சுழி, புன்னைநல்லூர் மாரியம்மன் துணை. தை மாதம் கல்யாணம். "தாலி கட்டி முடிச்சதும் நீங்க வந்து ஒரு ஜெபம் பண்ணணும் சிஸ்டர், மாப்பிள்ளை வீட்லயும் சொல்லிட்டோம்" என்றார் அவள் அப்பா. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காபி கொடுக்கும்போது அவள் வலது கையை வாங்கி, பழைய வழக்கத்தில், விரல் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். தழும்பு இருக்கிறது. அஞ்சு விரலும் நன்றாக மடங்குகின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்.